சின்னமனூர் சேவும் பழைய சேவும்

அத்தியாயம் 7

முந்தின ஆறு அத்தியாயமும் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு எங்கேயாவது பேச்சு நடந்ததா, மாமியார் வாய் எத்தனை ஊருக்குக் கேட்கும், இவ்வளவுதான். படிக்காமல் நேராக இங்கே வந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எழுதின எனக்கே பாதி மறந்துவிட்டது.

என் பெயர் கர்ணன். தேனியில் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கிற 'சண்முகத்தாய் துப்பறியும் நிலைய'த்தின் ஒரே உதவியாளன். கர்ணன் என்று பேர் வைத்தாலே வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்குத்தான் உழைக்க வேண்டும் என்பது என் அனுபவம். முதலாளி சண்முகத்தாய் அக்காவிடம் பூதக்கண்ணாடி கிடையாது, துப்பாக்கி கிடையாது. பழைய கல்யாணப் பத்திரிகைகள்தான் பீரோ நிறைய இருக்கின்றன. ஓய்வாக இருந்தால் அக்கா அதில் ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். மற்றவர்கள் வாரப்பத்திரிகை படிக்கிற மாதிரி.

2008-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே ஒரு வண்டி வந்து நின்றது. டேங்கில் புது ஸ்டிக்கர் வெயிலில் மின்னியது. இங்கிலீஷில் 'தமிழ்மாறன்'. மா-வுக்கு ஒரு ஏ போதும். அங்கே ரெண்டு ஏ இருந்தது.

வண்டிக்காரன் படியேறி வந்ததும், "என்ன தம்பி, பேரு இந்த இழுப்பு இழுக்குது? பிரேக் பிடிச்சாலும் நிக்காது போலயே?" என்றேன்.

அம்மா ஆசைப்பட்டு ஒட்டச் சொன்னது, கடைக்காரன் தப்பாக வெட்டிவிட்டான் என்றான். சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காதவர்கள் ரெண்டு வகை. ஒன்று, துக்கத்தில் இருப்பவர்கள். இன்னொன்று, அக்கா.

இவன் முதல் வகை. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்து, "என் மூணு வருசத்தைக் களவாண்டுட்டாகக்கா" என்றான்.

விஷயம் இதுதான். தமிழ்மாறன் இன்ஜினியரிங் முடித்து வேலை தேடி, தேடுவதையே வேலையாக்கிக் கொண்டவன். இன்டர்வியூவுக்குப் போவான், போன வேகத்தில் திரும்பி வருவான். வீட்டில் சும்மா இருந்த நேரத்தில் ஒரு வெளிநாட்டு வீடியோ கேமைப் பிடித்துக்கொண்டான். பனிமலையில் லாரி ஓட்டுகிற கேம். அதைப் பிரித்து மேய்ந்து, உள்ளே தன் சரக்கைச் சேர்த்தான். இப்படிச் சேர்க்கிற சரக்குக்கு மோட் என்று பேராம். பனிமலை மேகமலை ஆனது. லாரி எஸ்டேட் ஜீப் ஆனது. சின்னமனூரிலிருந்து ஏறுகிற ரோட்டில் எந்த வளைவில் எந்தக் குழி என்பது வரைக்கும் வைத்திருக்கிறான். அவன் அப்பா அழகுமலை அதே ரோட்டில் நிஜ ஜீப் ஓட்டுகிறவர். கேமைப் பார்த்துவிட்டு, குழி இன்னும் ஆழம் பத்தாது என்று மட்டும் சொன்னாராம்.

ரோடு போட்டதோடு விட்டானா? மூணு வருசம் விளையாடி விளையாடி மலை மேலே ஓர் ஊரையே கட்டியிருக்கிறான். தேயிலை ஃபேக்டரி, லைன் வீடுகள், பள்ளிக்கூடம், டீக்கடை. சாயங்காலம் ஆனால் எந்த வீட்டில் முதலில் விளக்கு எரியும், எந்த வீட்டுக்காரன் ஜீப்பைத் தவறவிட்டு நடந்து வருவான் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. விளையாடின அத்தனையையும் கம்ப்யூட்டர் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குப் பேர் சேவ். அந்தக் கோப்பு போனால் ஊரே போச்சு.

"போச்சுக்கா" என்றான்.

சென்னையில் ஒரு கேம் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. மறுநாள் காலையில் அந்த ஊரை ஓட விட்டுக் காட்ட வேண்டும். சாயங்காலம் பஸ். இதுவும் போனால், போடியில் மாமாவின் ஏலக்காய்க் கடையில் உட்கார வேண்டியதுதான். மாமா ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டாராம்.

"ரோடு மட்டும் இருக்குல்ல? அதைக் காட்டேன்" என்றேன்.

"வெறும் ரோட்டைக் காட்டி வேலை கேட்டா, நெடுஞ்சாலைத் துறையில போயிக் கேளுன்னு சொல்லுவாகண்ணே."

இது களவுதான் என்று எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டார். பையன் சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருந்தது. சேவ் இருக்கிற ஃபோல்டரை அவன் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேமைத் திறந்தால் ஊரைக் காணோம், மொட்டை மலைதான் நிற்கிறது. பதறிப்போய்த் தேடினால், மறைத்து வைத்த ஃபோல்டர் அவன் பேரோடு பளிச்சென்று வெளியே கிடக்கிறது. உள்ளே பழசு எதுவுமே இல்லை. எவனோ அதை வெளியே எடுத்து, காலி செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

"எவனோ இல்லக்கா. பாண்டிதான்."

பாண்டி என்பது பாண்டீஸ்வரன். பழனிசெட்டிபட்டியில் கேம் சென்டர் வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து தோஸ்து. ஊரோடு சேர்த்து அந்த சேவைத் தன் சென்டருக்கு ஒரு காப்பி கேட்டிருக்கிறான், இவன் மறுத்திருக்கிறான். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஃபோல்டரை மறைத்ததே அவனுக்குப் பயந்துதான்.

அக்கா செருப்பை மாட்டினார். அக்கா செருப்பை மாட்டினால் கேஸை எடுத்தாச்சு என்று அர்த்தம்.

அல்லிநகரத்தில் அவன் வீடு. நாங்கள் போய் இறங்கும்போதே எதிர்வீட்டு அக்கம்மாள் குழாயடியிலிருந்து என்னை மடக்கிவிட்டார். நான் கேட்காமலே சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம், இந்தப் பையன் புதுச் சட்டை எடுக்கப் போன நேரம் பார்த்து, பழனிசெட்டிபட்டிக்காரப் பையன் வந்தானாம். உள்ளே போனானாம். கொஞ்ச நேரம் கழித்து வாயை மென்றுகொண்டே வெளியே வந்தானாம். துப்பறியும் நிலையம் எதற்கு, தெருவுக்கு ஒரு அக்கம்மாள் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் சம்பளம் போய்விடும்.

கம்ப்யூட்டர் மேல் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'தொடுமுன் நகலெடு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். புது மோட் எதைச் சேர்த்தாலும், பழசு எதைக் கழற்றினாலும், அதற்கு முன்னால் சேவை நகல் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று விளக்கினான். மோட் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சேவைத் தின்றுவிடும். கேமை மூடும்போது அதுவாகவே பழசின் மேல் புதுசை எழுதிவிடும். அப்புறம் அழுது புண்ணியமில்லை. திருக்குறள் மாதிரி சொன்னான்.

"அப்ப நகல் எங்க?" என்றார் அக்கா.

பையன் முகட்டைப் பார்த்தான். ஒரே ஒரு சிடியில் நகல் எடுத்து வைத்திருந்தானாம். அது இப்போது மொட்டை மாடியில் கயிற்றில் தொங்கி, கூழ்வத்தலுக்குக் காக்கா விரட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா பளபளப்பாக இருக்கிறதே என்று எடுத்துக் கட்டிவிட்டார். நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நல்ல வேலைதான் செய்துகொண்டிருந்தது, ஒரு காக்கா இல்லை. ஆனால் வெயிலிலும் கயிற்றிலும் உரசி, மேலே நகத்தால் கீறின மாதிரி ஆகியிருந்தது. கம்ப்யூட்டரில் போட்டால் துப்பிவிட்டது.

கேமைத் திறந்து காட்டச் சொன்னார் அக்கா. முதலில் ஒரு பெட்டி வந்தது, விளையாடுகிறவன் பேரோடு. பையன் அதைப் பார்க்கக்கூட இல்லை, பட்டென்று ஒரு தட்டு. மலை வந்தது. பச்சையாக, மொட்டையாக. ரோட்டின் நடுவே நாலு யானைகள் சொந்த இடம் மாதிரி நின்றன.

"யானை எப்ப வந்துச்சு?"

"அது புது மோட்க்கா. ஆனக்கூட்டம்னு பேரு. குமுளிக்காரப் பையன் ஒருத்தன் செஞ்சு அனுப்புனான். கம்பெனிக்காரங்க அசந்துருவாகன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டேன்."

"போடுறதுக்கு முந்தி நகல் எடுத்தியா?"

தமிழ்மாறன் சுவரில் ஒட்டின தாளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவன் கதைதான்.

"மூடிட்டு, இன்னொரு தரம் திற. மெதுவா" என்றார் அக்கா. இந்த முறை அந்தப் பேர் வந்த பெட்டியிலேயே அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். சும்மா பார்த்தார். கல்யாணப் பத்திரிகை படிக்கிற முகம். மலையில் வீட்டைக் காணோம் என்று பையன் தவிக்கிறான், இவர் வாசலிலேயே நிற்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா வாயைத் திறந்தார். கரண்ட் போய்விட்டது.

அந்த வருசம் கரண்ட் என்பது மாமியார் வீட்டு மரியாதை மாதிரி. இருந்தால் இருக்கும். யூ.பி.எஸ். ஒரு தரம் கத்திவிட்டு அதுவும் படுத்துவிட்டது.

இருட்டில்லாவிட்டாலும் புழுக்கம். பையனின் அம்மா சந்தனம்மாள் விசிறியும், ஒரு தட்டில் காராச்சேவும் கொண்டு வந்து வைத்தார். மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் சாப்பிட்டு ரெண்டு நாளாகிறது என்று அக்காவிடம் குறைப்பட்டார். அக்கா தோதாக ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு யாரும் வந்தார்களா?

"ஒரு ஈ காக்கா வரல மதினி. நானும் அன்னைக்கு வாசப்படி தாண்டல."

அக்கம்மாள் சொன்னது என்னாச்சு? நான் வாயெடுப்பதற்குள் அக்கா என் காலை மிதித்தார். மிதித்துக்கொண்டே, இயல்பாக, "அப்ப அந்தப் பழைய சேவ் எப்படித்தான் போயிருக்கும்?" என்று கேட்டார்.

"பழசா? யாரு சொன்னா பழசுன்னு? வெள்ளிக்கிழமதான் சின்னமனூர்ல நிறுத்து வாங்குனேன். மொறுமொறுன்னு இருக்குல்ல, நல்லா மென்னு பாருங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பையன் எந்த சேவுக்காக உயிரை விடுகிறான், அம்மா எந்த சேவுக்காக மானம் காக்கிறார். அக்கா சிரிக்கவில்லை. இன்னும் ரெண்டு எடுத்து வாயில் போட்டு, "நல்ல சேவு மதினி" என்றார். கிளம்பிவிட்டார்.

பழனிசெட்டிபட்டி ஒன்றும் தூரமில்லை. என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து அக்கா பல்லில் ஒட்டின சேவை நாக்கால் துழாவிக்கொண்டே வந்தார். பாதி வழியில் எனக்கே உறைத்தது. வாசப்படி தாண்டாத பெண்பிள்ளை வெள்ளிக்கிழமை சின்னமனூரில் எப்படி சேவு வாங்கினார்?

"அக்கா, அந்தம்மா பொய் சொல்லுது."

"பரவாயில்லையே. சேவு செரிக்கிறதுக்குள்ள கண்டுபிடிச்சிட்ட."

கேம் சென்டரில் இன்வர்ட்டர் ஓடியது. பாண்டீஸ்வரன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நல்ல ஆகிருதி. ஆனால் பொய் சொல்லப் பழக்கமில்லாத முகம். கள்ளனுக்கு அது பெரிய குறை. சேவ் காணாமல் போன விஷயமே அவனுக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியும் போலிருந்தது. நிஜமாகவே வெளிறிப்போனான். இன்னைக்குச் சாயங்காலம் அவன் சென்னை கிளம்பணுமே, என்ன செய்வான் என்று எங்களிடமே கேட்டான். ஆனால் வெள்ளிக்கிழமை எதற்குப் போனாய் என்று கேட்டதும் வாயைப் பூட்டிக்கொண்டான்.

"போனேன்க்கா, இல்லங்கல. சேவைத் தொடல, ஆத்தா மேல சத்தியம். எதுக்குப் போனேன்னு மட்டும் கேக்காதீக. வாக்குக் குடுத்திருக்கேன்."

நான் சட்டைக் கையை மடித்தேன். பார்வைக்கு மிரட்டலாக இருக்கட்டும் என்றுதான். அவன் ஒரு தட்டு தட்டினால் நான் அடுத்த ஊர் வீரபாண்டியில் போய் விழுவேன். அக்கா என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, சரி தம்பி, வாக்குன்னா வாக்குதான் என்று ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு உதவி மட்டும் கேட்டார். தமிழ்மாறன் சென்னைக்குக் கொண்டுபோகிற பெட்டியில் ஒட்ட, அவன் பேரை இங்கிலீஷில் பெரிதாக அடித்துக் கொடுக்க வேண்டும். கர்ணனுக்கு ஸ்பெல்லிங் வராது என்றார்.

இந்த அவமானம் கேஸுக்குத் தேவைதானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாண்டீஸ்வரன் மளமளவென்று அடித்தான். திரையில் பேர் வந்தது. மா-வுக்கு ரெண்டு ஏ.

அக்கா குனிந்து பார்த்தார்.

"ஒண்ணாம் வகுப்புலேருந்து கூடப் படிச்ச பய. இத்தனை வருசமா ஒரு ஏ. இன்னைக்கு மட்டும் உன் விரலுக்கு ரெண்டு ஏ எப்படித் தம்பி வந்துச்சு?"

அவன் கையை விசைப்பலகையிலிருந்து சுட்ட மாதிரி எடுத்தான். திரையைப் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அந்த வீட்டு அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிராதீகக்கா" என்றான்.

"நீ எங்கப்பா சொன்ன? உன் விரலுதான் சொல்லுச்சு. வண்டியை எடு."

நாங்கள் மூன்று பேரும் அல்லிநகரம் திரும்பும்போது கரண்ட் வந்திருந்தது. பாண்டீஸ்வரனைப் பார்த்ததும் தமிழ்மாறன் எழுந்து சட்டையைப் பிடிக்கப் போனான். சந்தனம்மாள் குறுக்கே வந்து, "ஏலே, அவனை விடு" என்று ஒரே ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில் பாதி வாக்குமூலம் வந்துவிட்டது. மீதியை அக்கா எடுத்து வைத்தார்.

"கல்யாணப் பத்திரிகையில நான் முதல்ல பாக்கிறது பேரு மதினி. பேருல எழுத்து கூடியிருந்தா, அந்த வீட்டுல ஏதோ குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். வண்டியில ஒரு ஏ கூடுதல். கடைக்காரன் தப்புன்னு உங்க மகன் சொல்லுது. கம்ப்யூட்டர்ல பேரு வர்ற பெட்டியிலயும் அதே இடத்துல அதே ஏ. ரெண்டு கடைக்காரன் ஒரே தப்பைப் பண்ண மாட்டான். சின்னமனூர்ல எந்த ஜோசியரு?"

சந்தனம்மாள் உட்கார்ந்துவிட்டார். ஜோசியர் இல்லையாம், எண்கணிதம் பார்க்கிறவராம். பேரில் ஒரு எழுத்து குறைகிறது, அதனால்தான் பையன் தொட்டது துலங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவன் எங்கெல்லாம் அதிகமாகப் புழங்குகிறானோ அங்கெல்லாம் புதுப் பேரைப் போட வேண்டும். ஒரு மண்டலம் வரைக்கும் விஷயம் பேருக்குச் சொந்தக்காரனுக்கே தெரியக் கூடாது; தெரிந்தால் பலிக்காது. இவர் மகன் புழங்குகிற இடம் ரெண்டுதான், வண்டியும் கேமும். வண்டிக்கு ஸ்டிக்கர் வாங்கினார். கேமுக்குப் பாண்டீஸ்வரனைக் கூப்பிட்டார். அவன் பேரை மாற்றி, சேவு தின்று, வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"ஒவ்வொரு தரமும் புதுச் சட்டை போட்டுப் போறான் மதினி. மடங்கின சட்டையா வர்றான். என்னால அதைப் பாக்கச் சகிக்கல. சாமிகிட்டக் கேட்டேன், ஆளுககிட்டக் கேட்டேன். ஒரு எழுத்துதான, போட்டுப் பாப்போமேன்னு நெனச்சேன்."

நான் தட்டிலிருந்து ஒரு சேவை எடுத்து மென்று, மூக்கை உறிஞ்சினேன். சேவு காரம் என்று வைத்துக்கொண்டேன்.

தமிழ்மாறன் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனுடைய மோட் பேரை வைத்துத்தான் ஃபோல்டரைத் தேடும். பேர் மாறினால், இவன் புது ஆள் என்று நினைத்துப் புது ஃபோல்டர் போட்டு மொட்டை மலையைக் கொடுத்துவிடும். அவன் வெளியே பார்த்தது ரெண்டு ஏ ஃபோல்டர். ஒரு ஏ ஃபோல்டர் மறைத்த இடத்தில் மறைந்தபடிதான் இருக்கிறது. தன் பேரை எவன் எழுத்துக்கூட்டிப் படிப்பான்?

விரல் பறக்க அந்தக் கூடுதல் ஏ-யை அழிக்கப் போனான்.

"கையை எடு" என்றார் அக்கா. சுவரைக் காட்டினார். "எழுதி ஒட்டுனது உனக்கா, காக்காய்க்கா?"

பையன் கையை எடுத்தான். மறைந்திருந்த ஃபோல்டரைத் தேடிப் பிடித்து, முதலில் நகல் எடுத்தான். ஒன்று கம்ப்யூட்டரில் வேறு இடத்தில். ஒன்று பாண்டீஸ்வரன் கீசெயினில் தொங்கின பென்டிரைவில். இந்த சேவைக் கேட்டுத்தான் ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். இப்போது தமிழ்மாறனே அதை எடுத்து நண்பன் கையில் கொடுத்தான். பாண்டீஸ்வரன் அதைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அதன் பிறகு மூன்றாவதாக ஒரு நகலை எடுத்து, அதை மட்டும் ரெண்டு ஏ ஃபோல்டரில் போட்டுக் கேமில் திறந்து பார்ப்போம் என்று பாண்டீஸ்வரன் சொன்னான். யானை மோட் இன்னும் ஏறித்தானே இருக்கிறது, அது சரியாக வருகிறதா என்று தெரிய வேண்டாமா?

திறந்தார்கள். ஊர் வந்தது. நான் அன்றைக்குத்தான் அதை முதல்முதலாகப் பார்த்தேன். தேயிலைச் சரிவில் லைன் வீடுகள், ஒவ்வொன்றாக விளக்கு, டீக்கடையில் புகை. ஜீப்பைத் தவறவிட்ட ஆள் தலையில் துண்டோடு நடந்து வந்தான். சந்தனம்மாள், "ஏ ஆத்தா, அது உங்கப்பா நடைல்ல" என்றார்.

அப்போது யானைகள் வந்தன. வந்த இடத்திலெல்லாம் ஊர் அழிந்தது. மிதிக்கக்கூட இல்லை, யானை நிற்கிற இடத்தில் முன்பு இருந்தது எதுவும் இருக்கக் கூடாது என்று அந்தக் குமுளிக்காரப் பையன் எழுதியிருக்கிறான் போல. பள்ளிக்கூடம் போச்சு. டீக்கடை போச்சு. விளக்குகள் ஒன்றொன்றாய் அணைந்தன. துண்டு போட்ட ஆளைக் காணோம். கேமை மூடினார்கள். மூடும்போது அது தன் வழக்கப்படி, மொட்டை மலையை அந்த நகலின் மேலேயே எழுதி வைத்துக்கொண்டது. மறுபடி திறந்தால் நாலு யானையும் ரோடும்தான்.

நகல்தானே, போனால் போகிறது. ஆனால் தமிழ்மாறன் நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை நான் நகலே எடுக்காமத்தான் யானையைப் போட்டேன்" என்றான் மெதுவாக. "பேரு மாறாம இருந்திருந்தா, நிஜ சேவைத்தான் திறந்திருக்கும்."

எண்ணிப் பாருங்கள். மத்தியானம் அம்மா பேரை மாற்றுகிறார். சாயங்காலம் மகன் யானையை இறக்குகிறான். யானை வந்து பார்த்தால் ரெண்டு ஏ ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை; வெறும் மலையில் நின்றுவிட்டுப் போகிறது. கூடுதல் ஏ ஒன்று மட்டும் இல்லையென்றால் மூணு வருசமும் அன்றைக்கே முடிந்திருக்கும். புது வீட்டு வாசலில் கட்டுகிற திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி, அந்த ரெண்டு ஏ எல்லாவற்றையும் தான் வாங்கிக்கொண்டது.

அக்காவின் முகத்தை நான் அப்போது பார்த்திருக்கக் கூடாது. எண்கணிதக்காரர்களைப் பற்றி அக்கா பேசினால் காது பொத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவு மரியாதை. அக்காவின் தொழிலே உள்ளதை உள்ளபடி சொல்வது. சந்தனம்மாளோ ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் கெட்டுப்போச்சா என்று கேட்கக்கூட அவருக்குப் பயம்.

"என்ன மதினி, என்ன சொல்றாக இவுக?"

அக்கா சேவுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்க மகன் கவனமில்லாம ஒரு காரியம் பண்ணியிருக்கான். நீங்க வாங்குன எழுத்துதான் குறுக்க நின்னு காப்பாத்தியிருக்கு. அந்த எண்கணிதக்காரருக்கு இது தெரிய வேண்டாம், ரேட்டைக் கூட்டிருவாரு."

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. யானை மோட்டைக் கழற்றி, கேமில் பழைய பேரையே போட்டு, நல்ல சேவைத் திறந்து, ஊர் முழுசாக இருக்கிறது என்று பார்த்த பிறகு, ஒரு சிடியில் போட்டார்கள். அதை எங்கே பத்திரமாக வைப்பது என்று வந்தபோது, கயிற்றில் கட்ட மாட்டேன் என்று சந்தனம்மாள் சத்தியமே செய்தார். உள்ளே போய் எவர்சில்வர் டப்பாவைக் கொட்டிக் கவிழ்த்து, துடைத்து, அடியில் சிடியை உறையோடு வைத்து, மேலே பிளாஸ்டிக் பையில் கட்டிச் சின்னமனூர் சேவைப் போட்டு மூடினார். சேவ் சேவு டப்பாவில்தானே இருக்கணும் என்றார். எங்கள் நிலையத்தின் வரலாற்றில் இத்தனை தெளிவாக எந்தச் சாட்சியும் பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் ஆபீசுக்கு சந்தனம்மாளே படியேறி வந்தார். கையில் இன்னொரு பொட்டலம். வேலை கிடைத்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் கூடி நின்று, துண்டு போட்ட ஆள் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் பார்த்தார்களாம். டப்பாவில் இருந்த சேவையும் காலி பண்ணிவிட்டார்களாம்.

எனக்கு ஒரு சந்தேகம். வேலைக்கான தாளில் பேர் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒரு ஏ-தானாம். சர்டிபிகேட்டில் அப்படித்தானே இருக்கிறது, கம்பெனி அதைத்தான் பார்க்கும்.

அக்காவுக்கு உடனே உயிர் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீகளா மதினி, வேலை வந்தது பழைய பேருக்கு. இதுக்கு உங்க ஆளு என்ன கணக்குச் சொல்லுவாரு?"

சந்தனம்மாள் பொட்டலத்தைப் பிரித்து அக்கா முன்னால் நகர்த்தி வைத்தார்.

"ரெண்டு ஏ-க்காரன் அடியை வாங்கிக்கிட்டான், ஒத்த ஏ-க்காரன் வேலைக்குப் போயிட்டான். ரெண்டு பேருமே என் பிள்ளைதான மதினி? சேவைச் சாப்பிடுங்க, நமுத்துரும்."

அக்கா ஒரு கை சேவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.